பொட்டாசியத்துக்கு 2, 8, 8, 1 ஏன்? 2, 8, 9 போட்டால் என்ன தப்பு?

கேள்வி: 04.05.2024, மாலை 6:10

மகளோட ஒன்பதாம் வகுப்பு முழுப்பரீட்சைப் பேப்பர் கைக்கு வந்துச்சு. பொட்டாசியத்தின் எலக்ட்ரான் அமைப்பை எழுதுகன்னு ஒரு கேள்வி. இவ 2, 8, 9-னு எழுதியிருக்கா. அடிச்சுட்டு சிவப்பு மையில 2, 8, 8, 1-னு போட்டிருக்காங்க. இவ வாதம் என்னன்னா, மூணாவது கூட்டில் 18 எலக்ட்ரான் வரைக்கும் இருக்கலாம்னு அதே புத்தகம்தான் சொல்லுது. எட்டுதான் இருக்கு, பத்து இடம் காலி. பத்தொன்பதாவது ஏன் நாலாவது கூட்டுக்கு ஓடணும்? டீச்சர்கிட்ட கேட்டதுக்கு "வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல வராது, மனப்பாடம் பண்ணிக்கோ"ன்னு பதில். நான் பி.காம். எனக்கு பேலன்ஸ் ஷீட்தான் தெரியும். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

04.05.2024, இரவு 9:35

அண்ணாச்சி, நான் நாகர்கோவில் பக்கம் பிளஸ் டூவுக்கு கெமிஸ்ட்ரி ட்யூஷன் எடுக்கிறவன். இருபது வருஷத்தில் இதே கேள்வியை என்கிட்ட நாலஞ்சு பேர்தான் கேட்டிருக்காங்க. மத்தவங்க எல்லாம் மனப்பாடம் பண்ணிட்டுப் போனவங்க. மார்க் போனா போகுது, மகளைத் திட்டாதீங்க.

கூடுன்னா ஒரே பெரிய ஹால்னு நினைக்கிறதுலதான் சிக்கல். நம்ம பக்கத்து வளவு மாதிரி நினைச்சுக்கோங்க, ஒரே வாசலுக்குள்ள ரெண்டு மூணு குடித்தனம். முதல் வளவில் ஒரே வீடு: 1எஸ், ரெண்டு ஆள். ரெண்டாவதில் 2எஸ்-ல ரெண்டு, 2பி-ல ஆறு, ஆக எட்டு. மூணாவதில் 3எஸ்-ல ரெண்டு, 3பி-ல ஆறு, 3டி-ல பத்து. அந்தப் பதினெட்டு இப்படித்தான் வருது. (இந்த 3டி-க்குக் கண்ணாடி தர மாட்டாங்க.)

3எஸ், 3பி ரெண்டும் நிறைஞ்சா மூணு வளவும் சேர்த்து மொத்தம் 18 எலக்ட்ரான், அது ஆர்கான். அடுத்த ஆளுக்கு 3டி காலியாத்தான் கிடக்கு. ஆனா வாடகை ஜாஸ்தி. பக்கத்து வளவு 4எஸ்-ல வாடகை கம்மி. எலக்ட்ரான் வாடகை பார்த்துத்தான் குடிபோகும்.

வாடகை ஏன் கம்மி? 4எஸ் எலக்ட்ரான் பெரும்பாலும் வெளியே திரியும். ஆனாலும் நடுநடுவே உள்ளே புகுந்து கரு பக்கம் வரைக்கும் போயிட்டு வரும். அங்கே 19 புரோட்டானோட இழுப்பும் அதுக்குக் கிடைக்கும். 3டி-க்கு அந்தப் பழக்கமே கிடையாது. நடுவுல 18 எலக்ட்ரான் திரை கட்டி நிக்குறதால, அதுக்கு எட்டுறது ஏறக்குறைய ஒரே ஒரு புரோட்டானோட இழுப்பு.

பிளஸ் ஒன்னுல இதுக்கு 'என்' கூட்டல் 'எல்' விதின்னு பேரு. 'என்' கூட்டோட எண், 'எல்' வீட்டோட எண்: எஸ்-க்கு 0, பி-க்கு 1, டி-க்கு 2. 4எஸ்-க்கு 4 + 0 = 4. 3டி-க்கு 3 + 2 = 5. சின்ன எண் முதல்ல. சாய்ஞ்ச அம்புக்குறி போட்ட படம் பார்த்திருப்பீங்க, அதேதான். அம்பு போற வழியில நிரப்பிட்டே போனா தனிம அட்டவணையோட வரிசை நீளம் தானா வந்து விழும்: 2, 8, 8, 18, 18, 32, 32. கூட்டிப் பாருங்க, 118. இன்னிக்கு அட்டவணையில் இருக்கிறதும் 118 தனிமம்தான். பேலன்ஸ் ஷீட் டேலி ஆகுதா?

டீச்சர் சொன்னதும் பொய் இல்லை. வெளிக்கூட்டில் எட்டுக்கு மேல வராதுங்கிறது கிட்டத்தட்ட எல்லா அணுவுலயும் நடக்கிற விஷயம்தான். ஏன் நடக்குதுன்னு கேட்டா அது பதில் ஆகாது, அவ்வளவுதான்.

05.05.2024, காலை 6:50

ராத்திரி வளவு, வீடுன்னு எழுதினதைப் படிச்சுட்டு எலக்ட்ரான் பாய் விரிச்சு ஒரு மூலையில படுத்திருக்குன்னு யாரும் எடுத்துக்காதீங்க. கருவுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தூரத்துல அது தட்டுப்பட வாய்ப்பு அதிகம்னு காட்டுற மேகம்தான் ஆர்பிட்டால். புத்தகத்துல வட்டம் வட்டமா போட்டிருக்கிறது 1913-ல நீல்ஸ் போர்ங்கிற விஞ்ஞானி சொன்ன படம். பத்தாவது வரைக்கும் அது போதும்.

05.05.2024, இரவு 10:20

"யாரு உள்ள போய்ப் பார்த்தா?"ன்னு மக கேட்டாளாம். பிழைச்சுக்குவா.

ஒரு வழி, எலக்ட்ரானை ஒவ்வொன்னா பிடுங்கிப் பார்த்து எவ்வளவு ஆற்றல் செலவாச்சுன்னு அளக்கிறது. பொட்டாசியத்துல முதல் எலக்ட்ரானை எடுக்க மோலுக்கு 419 கிலோஜூல். ரெண்டாவதை எடுக்க 3052. ஏழு மடங்குக்கு மேல! சோடியத்துல 496, அப்புறம் 4562. கால்சியத்துல 590, 1145, மூணாவதுக்கு 4912. அட்டவணையோட முதல் தொகுதியில் (முதல் செங்குத்து வரிசை) ஒன்னு லேசா கழன்டு வருது, ரெண்டாவது தொகுதியில் ரெண்டு. அதுக்கப்புறம் கதவு இறுக்கமா சாத்தியிருக்கு. தொகுதி எண் இப்படித்தான் சம்பாதிச்சது, யாரும் இனாமா ஒட்டினது இல்லை.

எழுதிட்டே வரும்போது ஒன்னு உறைக்குது. இந்தக் கணக்கு கடைசி எலக்ட்ரான் தனியா இருக்குன்னுதான் காட்டுது. அது 4எஸ்-லதான் இருக்குன்னு காட்டலை. 3டி-ல தனியா இருந்தாலும் லேசாத்தான் கழன்டு வரும். அதுக்கு வேற சாட்சி வேணும்.

சாட்சி நிறம். உங்க வீட்டு அடுப்புலயே பாருங்க. உப்புப் போட்ட கஞ்சி பொங்கி வழிஞ்சா நீலத் தீ சட்டுனு மஞ்சளா சீறும். அது சோடியம். சூட்டுல அதோட கடைசி எலக்ட்ரான் 3எஸ்-ல இருந்து 3பி-க்குத் தாவி, திரும்ப விழும்போது 589 நானோமீட்டர் வெளிச்சத்தை விடுது. பழைய சோடியம் தெருவிளக்கு மஞ்சளும் இதுதான். பொட்டாசியத்துக்கு நிறம் இளம் ஊதா. பார்க்கிறதுதான் கஷ்டம். துளி சோடியம் கலந்திருந்தாலும் மஞ்சள் அமுக்கிடும், கோபால்ட் நீலக் கண்ணாடி வச்சுப் பார்க்கணும். வாழைமட்டைச் சாம்பலை வச்சு நான் காட்டப் போய், பசங்க "சார், மஞ்சளாத்தான் தெரியுது"ன்னு சிரிச்சது தனிக் கதை. எங்க பாட்டி ஏனம் தேய்ச்ச சாம்பல்ல இருந்த காரமும் பொட்டாசியம் உப்புதான். இங்கிலீஷ்காரன் பானைச் சாம்பல்னு சொன்னதுல இருந்துதான் பொட்டாசியம்ங்கிற பேரே வந்தது.

வெளிச்சத்தைக் கோடு கோடாப் பிரிச்சு அளந்தா எந்த வீடு எவ்வளவு உயரத்துல இருக்குன்னு தெரிஞ்சிடும். பொட்டாசியத்துக்கு 4எஸ்-ஐத் தரைன்னு வச்சுக்கிட்டா, 4பி 1.61 எலக்ட்ரான் வோல்ட் மேல. 5எஸ் 2.61. 3டி 2.67. அதாவது 3டி-ஐ விட 5எஸ்கூட மலிவு! நேத்து 'பக்கத்து வளவு கம்மி'ன்னு எழுதினேன். அதுக்கும் அடுத்த வளவே கம்மியா இருக்கு. பத்தொன்பதாவது எலக்ட்ரானுக்கு 3டி நாலாவது சாய்ஸ்.

08.05.2024, இரவு 11:45

மதுரை டீச்சர் ஒருத்தங்க கீழே கேட்டிருக்கிற கேள்வி என்னை மூணு நாள் தூங்க விடலை. "4எஸ் மலிவுன்னா அது கருவோட இறுக்கமா பிணைஞ்சிருக்கணும். இரும்பு எலக்ட்ரானை இழந்து அயனியாகும்போது 3டி-தானே முதல்ல போகணும்? 4எஸ்-ல இருக்கிற ரெண்டும் முதல்ல போகுதுன்னு நீங்களே சொல்லிக் கொடுக்குறீங்களே?"

இத்தனை வருஷமா நான் சொல்லிட்டு வந்தது: "நிரப்பும்போது 4எஸ் முதல்ல, காலி பண்ணும்போதும் 4எஸ் முதல்ல. ஏன்னா அது வெளியே இருக்கு. அடுத்த கேள்வி." அந்த 'அடுத்த கேள்வி'தான் என் தப்பிக்கும் வழி. டீச்சர் பிடிச்சுட்டாங்க.

தப்பு என் வாடகை உவமையில இருக்கு. வாடகை நிலையானதுன்னு எழுதிட்டேன், எல்லா அணுவுக்கும் ஒரே விலைப்பட்டியல்ங்கிற மாதிரி. அப்படி இல்லை. வீட்டுக்காரர் கரு. அவர்கிட்ட எத்தனை புரோட்டான் இருக்கு, வளவுல ஏற்கெனவே எத்தனை பேர் இருக்காங்கங்கிறதைப் பொறுத்து வாடகை மாறும்.

இதுக்கு ஒரு சுத்தமான சோதனை இருக்கு. எலக்ட்ரான் எண்ணிக்கையை 19-லயே நிறுத்திக்கிட்டு, கருவை மட்டும் மாத்திப் பாருங்க.

பொட்டாசியம் அணு: 19 புரோட்டான், 19 எலக்ட்ரான். கடைசி எலக்ட்ரான் 4எஸ்-ல.

கால்சியத்துல ஒன்னை எடுத்துட்டா 20 புரோட்டான், 19 எலக்ட்ரான். கடைசி எலக்ட்ரான் இன்னும் 4எஸ்-லதான்.

ஸ்காண்டியத்துல ரெண்டை எடுத்துட்டா 21 புரோட்டான், 19 எலக்ட்ரான். இப்போ அது 3டி-ல!

அதே பத்தொன்பது பேர். புரோட்டான் ரெண்டு கூடினதும் ஆள் வீடு மாறிட்டார். கரு பலமாக ஆக 3டி கிடுகிடுன்னு கீழே இறங்குது, அந்த வேகத்துல 4எஸ் இறங்கலை. கால்சியத்துக்கும் ஸ்காண்டியத்துக்கும் நடுவுல எங்கேயோ ரெண்டும் ஒன்னையொன்னு தாண்டிடுது.

அப்போ ஸ்காண்டியம் அணுவுல மூணுமே 3டி-ல போய் உட்காரலாமே? உட்காராது. 3டி சின்ன வீடு, கருவை ஒட்டின நெருக்கமான இடம். அங்கே ரெண்டு மூணு பேர் சேர்ந்தா ஒருத்தரையொருத்தர் தள்ளுற செலவு கூடிடும். அதனால ஒருத்தர் 3டி-லயும் ரெண்டு பேர் அகலமான 4எஸ்-லயும் தங்கினா மொத்தச் செலவு குறைவு. தனி ஆளோட வாடகையைப் பார்க்கக் கூடாது, குடும்ப பட்ஜெட்டைப் பார்க்கணும். அயனி ஆகும்போது ஆள் குறையுது, நெருக்கடி தீருது, இழுப்பு கூடுது. 4எஸ்-ல இருந்தவங்க முதல்ல கிளம்புறாங்க. இரும்பும் இப்படித்தான்: அணுவுல 3டி-ல ஆறு, 4எஸ்-ல ரெண்டு, ரெண்டு பிளஸ் அயனியில 3டி-ல ஆறு மட்டும்.

ஆக, சாய்ஞ்ச அம்புக்குறிப் படம் ஒரு அணுவுக்குள்ள எலக்ட்ரான் ஏறிப் போற படிக்கட்டு இல்லை. ஒரு தனிமத்துல இருந்து அடுத்த தனிமத்துக்குப் போகும்போது புதுசா என்ன சேர்ந்ததுன்னு சொல்ற வழிகாட்டி. ரெண்டையும் ஒன்னாக் குழப்பி இருபது வருஷம் பாடம் எடுத்திருக்கேன். 04-ஆம் தேதிப் பதிவை அழிக்கலை. அப்படியே கிடக்கட்டும்.

09.05.2024, காலை 7:15

யாழ்ப்பாணத்து நண்பர் கேட்கிறார்: "இலத்திரனுக்கு வாடகைவீடு பார்த்துக் கொடுத்தது போதும், தாண்டல் மூலகங்களுக்கு எப்ப வருவியள்?" அங்கே தனிமம் மூலகம், தொகுதி கூட்டம், எலக்ட்ரான் இலத்திரன். இடைநிலைத் தனிமத்தைத் தாண்டல் மூலகம்னு சொல்றது எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. 4எஸ்-உம் 3டி-யும் ஒன்னையொன்னு தாண்டுறதைத்தானே நேத்து ராத்திரி பூரா எழுதினேன்? (பேர் அதனால வந்தது இல்லை. சும்மா எனக்குப் பொருந்திப் போச்சு.)

11.05.2024, இரவு 9:00

தாண்டல் மூலகங்களுக்கு வந்தாச்சு.

குரோமியம். அம்புக்குறிப்படி 3டி-ல நாலு, 4எஸ்-ல ரெண்டு வரணும். இருக்கிறது 3டி-ல அஞ்சு, 4எஸ்-ல ஒன்னு. தாமிரத்துல 3டி-ல பத்து, 4எஸ்-ல ஒன்னு. எல்லா கைடுலயும் காரணம் ஒரே வரி: "பாதி நிரம்பிய, முழுதும் நிரம்பிய ஆர்பிட்டால்கள் அதிக நிலைப்புத்தன்மை உடையவை." மூணு மார்க்.

இந்த வரியை மந்திரம் மாதிரி நம்பிட்டு இருந்த காலத்துல ஒரு பையன் டங்ஸ்டனைக் கொண்டு வந்தான். குரோமியத்துக்கு நேர் கீழே மாலிப்டினம், அதுக்குக் கீழே டங்ஸ்டன். மாலிப்டினம் சொன்ன பேச்சு கேட்குது: 4டி-ல அஞ்சு, 5எஸ்-ல ஒன்னு. டங்ஸ்டன் கேட்கலை: 5டி-ல நாலு, 6எஸ்-ல ரெண்டு. அதே தொகுதிதான், பாதி நிரம்பினா நல்லதுன்னா இதுக்கு மட்டும் வேண்டாமா? நியோபியம் இன்னும் மோசம். 4டி-ல நாலு, 5எஸ்-ல ஒன்னு. பாதியும் இல்லை, முழுசும் இல்லை, எதுக்கு அங்கேயிருந்து ஒருத்தரைக் கூட்டிட்டு வந்ததுன்னே தெரியாது. பல்லேடியம் 5எஸ்-ஐ மொத்தமா காலி பண்ணிட்டு 4டி-ல பத்து பேரையும் அடைச்சு வச்சிருக்கு.

ஒரே திசையில் சுழலுற எலக்ட்ரான்கள் தனித்தனி அறையில இருந்தா ஒரு ஆற்றல் லாபம் உண்டு, அது நிஜம். ஆனா அது பட்ஜெட்ல ஒரு வரவு மட்டும்தான். தள்ளுற செலவு, கருவோட இழுப்பு எல்லாம் சேர்த்துக் கூட்டினாத்தான் மிச்சம் என்னன்னு தெரியும். வரவு ஒன்னை மட்டும் காட்டி லாபம்னு சொல்ற கணக்கை அண்ணாச்சியே ஒத்துக்க மாட்டார்.

பரீட்சையில் அந்த ஒரு வரியையே எழுதுங்க. மார்க் முக்கியம்.

15.05.2024, மாலை 5:30

"இதெல்லாம் தெரியாமலேயே மெண்டலீவ் எப்படி அட்டவணை போட்டார்?"னு ஒருத்தர் கேட்டிருக்கார். 1869-ல எலக்ட்ரான்னு ஒன்னு இருக்கிறதே யாருக்கும் தெரியாது. அது 1897-ல தாம்சன் சொன்னது. மெண்டலீவ் கையில இருந்தது 63 தனிமம், அதுகளோட அணு எடை, எது எதோட எப்படிச் சேரும்ங்கிற கணக்கு. அவ்வளவுதான். எடைப்படி அடுக்கினார். குணம் ஒத்துப் போகாத இடத்துல எடையை நம்பலை, குணத்தை நம்பினார். யுரேனியத்தோட எடை 120-ன்னு சொல்லிட்டு இருந்தாங்க. இல்லை, இது 240-ஆதான் இருக்கணும்னு இரட்டிப்பாக்கி இடம் மாத்தி வச்சார். சரியாப் போச்சு.

டெல்லூரியம், அயோடின் விஷயத்துல பாதி சரி. டெல்லூரியம் எடை 127.6, அயோடின் 126.9. எடைப்படி அயோடின் முன்னாடி வரணும். வந்தா குளோரின், புரோமின் இருக்கிற ஹாலஜன் வரிசையே நாசம். அவர் டெல்லூரியத்தை முன்னாடி வச்சு, அதோட எடையை அளந்தவங்க தப்பா அளந்துட்டாங்கன்னு சொன்னார். அளந்தவங்க சரியாத்தான் அளந்திருந்தாங்க. இடம் சரி, காரணம் தப்பு. காரணம் 1913-ல மோஸ்லி கையில கிடைச்சது. ஒவ்வொரு தனிமமும் விடுற எக்ஸ் கதிரோட அதிர்வெண்ணுக்கு வர்க்கமூலம் எடுத்து வரிசையா வச்சா, நூல் பிடிச்ச மாதிரி நேர்க்கோடு. ஒரு தனிமத்துக்கு ஒரு படி. எண்ண வேண்டியது எடையை இல்லை, கருவோட மின்சுமையை. டெல்லூரியம் 52, அயோடின் 53. பஞ்சாயத்து முடிஞ்சது. அந்தப் பையன் 1915 ஆகஸ்ட்ல கலிப்போலி போர்முனையில குண்டடிபட்டு இறந்தப்போ வயசு 27. இந்த இடத்துக்கு வரும்போது எனக்கு வகுப்புல குரல் கம்மிடும். பசங்களுக்குத் தெரியும், அமைதியா இருப்பாங்க.

மெண்டலீவ் காலியா விட்ட கட்டங்கள்ல ஒன்னு அலுமினியத்துக்குக் கீழே. பேரு 'ஏக அலுமினியம்', அடர்த்தி 5.9 இருக்கும்னு எழுதி வச்சார். 1875-ல பிரான்ஸ்ல லெகோக் தெ ப்வாபோத்ரான் அதைக் கண்டுபிடிச்சு கேலியம்னு பேர் வச்சார். அடர்த்தி 4.7-ன்னு சொன்னார். பார்க்காத பொருளைப் பத்தி, கையில வச்சிருக்கிற ஆளுக்கு மெண்டலீவ் கடிதம் எழுதுறார்: சுத்தம் பண்ணி மறுபடி அளங்க. மறுபடி அளந்தார். 5.9.

நானும் போன வருஷம் மே மாசம் ஆன்லைன்ல 20 கிராம் கேலியம் வாங்கினேன். திட உலோகம்னு போட்டிருந்தது. கூரியர்ல வந்தது திரவம். உருகுநிலை 29.8 டிகிரி, நாகர்கோவில் மே மாசம், வேற எப்படி வரும்? குப்பியைச் சாய்ச்சுப் பார்க்கும்போது ஒரு சொட்டு பக்கத்துல இருந்த அலுமினிய டிபன் மூடியில விழுந்துட்டுது. விளக்கி விளக்கிக் கீறல் விழுந்த மூடி. துடைச்சு வச்சேன். மறுநாள் எடுத்தா, விரல் பட்ட இடம் நனைஞ்ச பிஸ்கட் மாதிரி பொலபொலன்னு உதிருது. அலுமினியத்தோட மேல்தோல் கீறி இருந்தா கேலியம் அந்த அலுமினியத்தோட நுண்மணிகளுக்கு நடுவுல ஊடுருவி உள்ளே போயிடும். ஒரே தொகுதி, மேல் வீட்டு அண்ணனைக் கீழ் வீட்டுத் தம்பியே அரிச்சுட்டான். மூடி என் மனைவியோடது. வழக்கு இன்னும் நிலுவையில இருக்கு.

16.05.2024, காலை 6:30

'ஏக'ன்னு நான் எழுதினதும் வாட்ஸப் பார்சல் வந்துடுச்சு: சமஸ்கிருத இலக்கணம் எழுதின பாணினியைப் பார்த்துத்தான் மெண்டலீவ் அட்டவணையே போட்டார்னு. ஏக, த்வி, த்ரி ஆகிய சமஸ்கிருத எண்ணுப்பேர்களை அவர் முன்னொட்டா வச்சது உண்மை. ஒரு கட்டம் கீழே, ரெண்டு கட்டம் கீழேன்னு அர்த்தம். பாணினி வரைக்கும் போறது ஊகம். அந்தப் பார்சலை எனக்கு இனிமே அனுப்ப வேண்டாம், ஏழாவது தடவை.

19.05.2024, இரவு 8:10

அட்டவணைக்குக் கீழே ரெண்டு துண்டு தனியா கிடக்கே, அது என்னன்னு கேள்வி. அதுல ஒரு துண்டு எங்க கடற்கரையிலேயே கிடக்கு.

மணவாளக்குறிச்சி பக்கம் கடற்கரையில கருமணல் பார்த்திருப்பீங்க. ஈரத்துல பாதம் வச்சா கறுப்பும் செம்பழுப்புமா வரி வரியா இருக்கும். கறுப்பு பெரும்பாலும் இல்மனைட், சிவப்பு கார்னெட், நடுவுல சிர்க்கான், மோனசைட். பழைய ஹார்டு டிஸ்க்கை உடைச்சு எடுத்த நியோடிமியம் காந்தத்தைப் பாலித்தீன் பையில சுத்தி அந்த மணல்ல நான் உழப்பினேன். இல்மனைட் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிட்டு வந்தது. பையை உருவிட்டா மணல் பொத்துன்னு கீழே. (பை இல்லாம வச்சா ஒரு வாரம் சுரண்டணும், அதுவும் அனுபவம்தான்.) வேடிக்கை என்னன்னா காந்தத்துல இருக்கிற அந்த நியோடிமியம் அதே மணல்ல மோனசைட்டுக்குள்ள இருக்கு.

நியோடிமியம் மட்டும் தனியா இருக்காது. லாந்தனம், சீரியம்னு மொத்தக் குடும்பமும் ஒன்னாவே குடியிருக்கும், கூடவே தோரியமும். காரணம் 4எஃப். இந்தத் துண்டுல புரோட்டான் கூடக்கூட புது எலக்ட்ரான் ரெண்டு கூட்டுக்கு உள்ளே தள்ளி 4எஃப்-ல போய் உட்காருது. வெளியே இருந்து பார்க்கிறவனுக்கு எல்லார் வீட்டு வாசலும் ஒரே மாதிரி. வேதிவினை வாசல்லதானே நடக்குது? அதனால இயற்கைக்கே இவங்களைப் பிரிக்கத் தெரியலை. வேதியியல்காரங்களுக்கு நூறு வருஷத்துக்கு மேல ஆச்சு. கீழே தனியா ஒதுக்கி வச்சது சாதி பார்த்து இல்லை, தாள் அகலம் போதாததால. உள்ளே செருகினா அட்டவணை 32 கட்டம் அகலத்துக்குப் போயிடும்.

சிர்க்கான்ல இன்னொரு கூத்து. 72-ஆவது தனிமத்தை எல்லாரும் இந்த அருமண் (லாந்தனம் குடும்பம்) கூட்டத்துலயே தேடிட்டு இருந்தாங்க. 4எஃப் 71-லயே நிறைஞ்சு போகுது, 72 சிர்க்கோனியம் ஜாடையிலதான் இருக்கும்னு போரோட எலக்ட்ரான் கணக்கு சொன்னது. கோபன்ஹேகன்ல காஸ்டரும் ஹெவெசியும் சிர்க்கான் தாதுவை எடுத்து மோஸ்லி வழியில எக்ஸ் கதிர் வச்சுப் பார்த்தாங்க, 1923-ல அறிவிச்சாங்க. ஊரோட லத்தீன் பேரே அதுக்குப் பேர்: ஹாஃப்னியம். சிர்க்கோனியத்தை விட இதுக்கு ஒரு முழுக் கூடு அதிகம், ஆனா ரெண்டோட அணு ஆரமும் கிட்டத்தட்ட ஒன்னு: 160, 159 பிக்கோமீட்டர். நடுவுல 14 எலக்ட்ரான் 4எஃப்-ல போய் உட்கார்ந்தும் சரியாத் திரை கட்டலை, கரு எல்லாத்தையும் உள்ளே இழுத்துச் சுருக்கிடுச்சு.

இப்படி ரெட்டைப்பிள்ளை மாதிரி இருக்கிறதைப் பிரிச்சே ஆகணும். அணு உலை எரிபொருள் குழாய்க்கு சிர்க்கோனியம் வேணும், ஏன்னா அது நியூட்ரானை விட்டுடும். ஹாஃப்னியம் நியூட்ரானை விழுங்கும். தூத்துக்குடி பக்கம் பழையகாயல்ல இருக்கிற சிர்க்கோனியம் ஆலை நடத்துறது இந்தச் சண்டையைத்தான்.

22.05.2024, இரவு 9:40

ஹீலியத்துக்கு ரெண்டே எலக்ட்ரான், 1எஸ் மட்டும். அப்போ பெரிலியம், மக்னீசியம் இருக்கிற ரெண்டாவது தொகுதிக்கு மேலதானே வைக்கணும், ஏன் எதிர்ப்பக்கக் கோடியில நியானுக்கு மேல வச்சிருக்காங்க? கேட்டது மதுரை டீச்சர். இவங்க என்னை விட மாட்டாங்க.

எலக்ட்ரான் அமைப்பை மட்டும் பார்த்தா அங்கேதான் வைக்கணும். ஆனா பெரிலியத்துக்கு 2எஸ் நிரம்பினாலும் பக்கத்துல 2பி காலியா கைகாட்டுது. ஹீலியத்துக்கு 1பி-ன்னு ஒன்னே கிடையாது, வளவு மொத்தமா ஃபுல். முதல் எலக்ட்ரானை எடுக்க 2372 கிலோஜூல், எந்தத் தனிமத்தை விடவும் அதிகம். குணம் மந்த வாயு, வச்சது மந்த வாயுவோட. மெண்டலீவ் பண்ணின அதே வேலை.

அதைக் கண்டுபிடிச்ச கதையில நம்ம கஞ்சி மஞ்சளும் வருது. 1868 ஆகஸ்ட் 18 முழுக் கிரகணத்தை அன்னிக்குச் சென்னை மாகாணத்துல இருந்த குண்டூர்ல பிரெஞ்சுக்காரர் ஜான்சென் பார்த்தார், மசூலிப்பட்டினத்துல சென்னை வானாய்வகத்துப் போக்சன் பார்த்தார். சூரிய விளிம்புல இருந்து வந்த ஒளியில ஒரு மஞ்சள் கோடு. சோடியமா இருக்கும்னுதான் தோணும். அந்த அக்டோபர்ல லாக்யர் இங்கிலாந்துல உட்கார்ந்து அளந்தா, சோடியம் இடத்துல இல்லை, கொஞ்சம் தள்ளி: 587.6 நானோமீட்டர். பூமியில அப்படி ஒரு தனிமம் இருக்குன்னு ராம்சே 1895-ல காட்டுற வரைக்கும் 27 வருஷம் அது சூரியனுக்கு மட்டும் சொந்தம்.

இன்னொரு திருத்தம்: 05-ஆம் தேதி சோடியம் கோடு 589-ன்னு எழுதினேன். அது ரெண்டு கோடு, 589.0, 589.6.

26.05.2024, மாலை 7:05 (கேள்வி கேட்டவர்)

அண்ணாச்சி, மக எல்லாத்தையும் படிச்சா. மே 8-ஆம் தேதிப் பதிவை மட்டும் நோட்டுல எழுதி வச்சிருக்கா. பக்கத்துல ஒன்னு கிறுக்கி, உங்ககிட்ட கேட்கச் சொன்னா: "ஸ்காண்டியத்துல ரெண்டு எடுத்தா மூணாவது கூட்டில் 3எஸ்-ல ரெண்டு, 3பி-ல ஆறு, 3டி-ல ஒன்னு. அப்போ அது 2, 8, 9 தானே?"

26.05.2024, இரவு 10:50

ஆமா. 2, 8, 9. அவ பரீட்சையில எழுதின அதே விடை.

அந்தப் பதிவை ராத்திரி பதினொன்னே முக்கால் வரைக்கும் உட்கார்ந்து எழுதினவன் நான். அதுக்கப்புறம் குரோமியம், கேலியம், கருமணல்னு ஊர் சுத்திட்டு வந்தேன். முதல் கேள்வியோட விடை அங்கேயே கிடந்தது என் கண்ணுல படலை. ஆளும் அதே பத்தொன்பதுதான், கருவுல ரெண்டு புரோட்டான் மட்டும் கூடுதல்.

ஒன்னு மட்டும் சொல்லிடுங்க. ஸ்காண்டியம் சேர்மங்கள்ல சாதாரணமா மூணையும் விட்டுடும், ரெண்டோட நிக்கிறது அபூர்வம். இந்த 2, 8, 9 வெறும் அயனியா வாயு நிலையில பார்க்கிறதுக்குச் சொன்னது. பத்தாவதுல பொட்டாசியம் கேட்டா 2, 8, 8, 1-னே எழுதட்டும்.

கேலியம் குப்பி இன்னும் என்கிட்டதான் இருக்கு. தென்காசிப் பக்கம் வரும்போது கொண்டு வரேன். வீட்ல அலுமினியப் பாத்திரம் இருந்தா எடுத்து உள்ளே வச்சுடுங்க.